இருபது கட்டுரை படித்தும் பின்புலம் பலவீனமா?

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது. சுருக்கினால் இவ்வளவுதான்: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருக்கிறீர்கள். ஆண்டு 5 பிள்ளைகளுக்கு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, பதினைந்து நிமிடம் ஸ்கிப்பிங் கொடுத்தால் உடல் பருமன் குறைகிறதா என்று செயலாய்வு செய்யப் போகிறீர்கள். இருபது கட்டுரைகளைத் தரவிறக்கிப் படித்து முதல் அத்தியாயம் எழுதிக் கொடுத்தீர்கள். விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பு மையில் 'லத்தார் பெலாக்காங் லெமா' (பின்புலம் பலவீனம்) என்று மலாயில் எழுதி, கீழே 'சும்பர் ருஜுக்கான்?' (பார்வை மூலம்?) என்று ஒரு கேள்விக்குறியும் போட்டுத் திருப்பிவிட்டார். பக்கத்தில் பல்கலைக்கழக நூலகம் கிடையாது, எந்தத் தளத்தில் போய் எதைத் தேடுவது என்று கேட்கிறீர்கள். கடைசியாக, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உங்கள் பாட்டி சொன்னதை ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்றும் ஒரு வரி.

நீங்கள் தளத்தின் பெயரைக் கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: இருபது கட்டுரை படித்த பிறகும் ஏன் கையில் ஒன்றும் நிற்கவில்லை? அதற்குப் பதில் சொன்னால் தளங்களின் பெயர் தானாக வந்து உட்காரும். நான் பதினான்கு வருடம் தமிழ்ப்பள்ளிகளில் உடற்கல்வி, நலக்கல்வி எடுத்தவன். நடுவில் முதுகலை முடித்தேன். அப்புறம் பயிற்சி ஆசிரியர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்துவதே பாதி வேலையாகிவிட்டது. மருத்துவர் இல்லை. பிள்ளைகளின் நோய் பற்றி முடிவு சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுக் கட்டுரை ஒன்று சின்னஞ்சிறு கேள்விக்குப் பதில் சொல்ல எழுதப்படுவது. அதைப் படிக்கிறவருக்கு அந்தத் துறையின் சொற்களும் அளவுகோல்களும் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். உங்கள் விரிவுரையாளர் கேட்பது அதற்கு முந்தைய படி. கலைக்களஞ்சியம், துறை அகராதி, கையேடு, அரசாங்கத்தின் கணக்கெடுப்பு அறிக்கை, வழிகாட்டி ஆவணம், பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட மீளாய்வு ஆகியவைதான் பின்புலப் பார்வை நூல்கள். இவற்றைத் தொடாமல் கட்டுரைகளுக்குள் இறங்கினால், ஆள் ஆளுக்கு வேறு பொருளில் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதுகூடக் கண்ணில் படாது.

சொல்லிலிருந்தே ஆரம்பிப்போம். உங்கள் வரைவில் இருந்து நீங்கள் ஒட்டியிருந்த பத்தியில் 'அக்திவிதி ஃபிசிக்கல்' (உடலியக்கம்), 'செனாமான்' (உடற்பயிற்சி), 'கெசெர்காசான்' (உடல்தகுதி) மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாக வருகின்றன. இந்த மூன்றையும் பிரித்து வரையறுத்தது காஸ்பர்சன், பவல், கிறிஸ்டன்சன் என்ற மூவர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரை. இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். தசைகள் இயங்கி, சக்தி செலவாகும் எந்த உடல் அசைவும் உடலியக்கம். அதையே திட்டமிட்டு, ஒழுங்காக, திரும்பத் திரும்ப, உடல்தகுதியைக் கூட்டவோ காக்கவோ செய்தால் உடற்பயிற்சி. உடல்தகுதி என்பது செய்யும் காரியம் அல்ல, ஒருவரிடம் இருக்கும் பண்புகளின் தொகுப்பு.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. உங்கள் பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நடந்தவர். 'நீங்கள் உடற்பயிற்சி செய்தீர்களா?' என்று கேட்டால் 'அதுக்கெல்லாம் எங்கே நேரம்' என்பார். உண்மைதான், அவர் ஒரு நாளும் உடற்பயிற்சி செய்ததில்லை. ஆனால் அவரது உடலியக்கத்தில் பாதிகூட இன்றைய ஆசிரியர்கள் யாருக்கும் இருக்காது. உங்கள் கேள்வித்தாளில் 'உடற்பயிற்சி' என்ற ஒரே சொல்லைப் போட்டுப் பெற்றோரிடம் கொடுத்தால் இந்த வேறுபாடு முழுவதும் காணாமல் போய்விடும்.

உங்களுக்கு மொழிச் சிக்கலும் மூன்று மடங்கு. படிப்பது ஆங்கிலத்தில், எழுதுவது மலாயில், பிள்ளைகளிடம் கேட்பது தமிழில். மலாய்க் கலைச்சொல்லுக்கு, அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் பி.ஆர்.பி.எம். தளம் இருக்கிறது, இலவசம். சொல்லைத் தட்டினால் எந்தத் துறையில் எந்தப் பொருளில் வருகிறது என்று காட்டும். விளையாட்டு அறிவியலுக்கு மைக்கேல் கென்ட் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி கைக்கு அடக்கமானது. தமிழில், பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கிறது. அதிலுள்ள அறிவியல் பழசு, அதை மேற்கோள் காட்ட வேண்டாம். ஆனால் ஒரு கருத்தைத் தமிழில் நெளியாமல் எப்படிச் சொல்வது என்று பார்க்க எனக்கு அடிக்கடி உதவியிருக்கிறது. கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது நம் உடற்கல்வி, நலக்கல்விப் பாடநூல்களில் உள்ள சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அவைதான் பழக்கம்.

அடுத்தது அளவுகோல். இதில்தான் நான் அடி வாங்கினேன், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன். என் முதுகலை ஆய்வில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளின் பி.எம்.ஐ.யை, அதாவது எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிட்டு, 18.5-க்குக் கீழே மெலிவு, 25-க்கு மேலே அதிக எடை என்று பிரித்து, அழகான வட்ட வரைபடமெல்லாம் போட்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது: 'இது யாருடைய அட்டவணை?' பெரியவர்களுடையது. பிள்ளைகள் வளர்கிறவர்கள், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப எல்லை மாறும். என் மாணவர்களில் பாதிப் பேரை நான் மெலிவு என்று எழுதியிருந்தேன்! மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

ஒரு பையனை வைத்துப் பாருங்கள். பத்து வயது நிரம்பியவன், உயரம் 140 செண்டிமீட்டர், எடை 38 கிலோ. பி.எம்.ஐ. 19.4. பெரியவர்கள் அட்டவணையில் இவன் சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு 2007-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில் பத்து வயது ஆண் பிள்ளைக்கு அதிக எடையின் எல்லை 18.5, ஆகவே இவன் அதிக எடை. 2000-ல் கோல் என்பவரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட பன்னாட்டு எல்லையில் அதே வயதுக்கு 19.84, ஆகவே இவன் மறுபடியும் சாதாரணம். பையன் அதேதான், அவன் தின்ற ரொட்டி சானாயும் அதேதான். நீங்கள் படித்த இருபது கட்டுரைகளில் சிலது ஓர் அளவுகோலையும் சிலது இன்னோர் அளவுகோலையும் பயன்படுத்தியிருக்கும். அவற்றின் விழுக்காடுகளை ஒரே பத்தியில் அடுக்கினால், கிலோவையும் பழைய 'காட்டி' நிறையையும் கூட்டியது மாதிரி.

ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற எல்லைகளைப் பார்த்திருப்பீர்கள். 2004-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது அது, பெரியவர்களுக்கு மட்டும். அதைப் பிள்ளைகளுக்குப் போட்டு வைத்த வரைவுகளை நான் போன வருடம்கூடப் பார்த்தேன். நம் பள்ளிகளில் நடக்கும் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனைக்கு அதன் கையேட்டிலேயே வயது வாரியான அட்டவணை உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் பெயரும் ஆண்டும் போட்டு எழுதுங்கள், தேர்வாளர் அதைத்தான் முதலில் தேடுவார்.

அளவுகோலுக்கும் பதிப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் வரைவில் பிள்ளைகள் தினமும் குறைந்தது 60 நிமிடம் இயங்க வேண்டும் என்று 2010 பரிந்துரையை எழுதியிருக்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் அதைப் புதுப்பித்தது. இப்போது 5 முதல் 17 வயதுக்கு, வாரம் முழுவதும் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மிதமான முதல் தீவிரமான இயக்கம். அதோடு வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் இயக்கம். 'தினமும் குறைந்தது' போய் 'சராசரி' வந்ததில் என்ன என்று கேட்கலாம். சனிக்கிழமை திடலில் இரண்டு மணி நேரம் பந்து விளையாடி, திங்கட்கிழமை டியூஷனில் முடங்கிக் கிடக்கும் பிள்ளை பழைய கணக்கில் தோல்வி, புதிய கணக்கில் தேறவும் வாய்ப்புண்டு.

இனி எண்கள். ஒரு பயிற்சி ஆசிரியரின் வரைவில் 'மலேசியாவில் மூன்றில் ஒரு மாணவர் உடல் பருமனானவர்' என்று இருந்தது. ஆதாரம், ஒரு நாளிதழ்ச் செய்தி. இருவரும் உட்கார்ந்து பின்னால் போனோம். நாளிதழ் ஒரு பேச்சிலிருந்து எடுத்திருந்தது, பேச்சு ஓர் அறிக்கையிலிருந்து. கடைசியில் போய் நின்ற இடம், சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதாரக் கழகம் நடத்தும் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வின் 2019 அறிக்கை. என்.எச்.எம்.எஸ். என்று சொல்வார்களே, அதுதான். அதில் 5 முதல் 17 வயது வரை 29.8 விழுக்காடு, ஆனால் அது அதிக எடையும் உடல் பருமனும் சேர்ந்தது. உடல் பருமன் மட்டும் 14.8. அதாவது அந்த வாக்கியம் உண்மையை இரண்டு மடங்குக்கும் மேல் ஊதிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆய்வு 1986, 1996, 2006 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்து, 2011-க்குப் பிறகு தலைப்பு மாற்றி மாற்றி அடிக்கடி வருகிறது. அறிக்கைகள் கழகத்தின் இணையத்தளத்தில் இலவசம். ஆனால் எந்த ஆண்டு அறிக்கை உங்களுக்குப் பொருந்தும் என்று பார்த்து எடுக்க வேண்டும். 2017, 2022 வளரிளம்பருவச் சுகாதார ஆய்வுகள் இடைநிலைப்பள்ளி மாணவர்களைப் பற்றியவை, உங்கள் ஆண்டு 5 பிள்ளைகள் அதில் இல்லை. 2017-ல் அதோடு சேர்ந்து வந்த வளரிளம்பருவ ஊட்டச்சத்து ஆய்வு ஆண்டு 4-லிருந்தே தொடங்குகிறது, உங்களுக்கு வேண்டியது அது. 2019-ல் பெரியவர்களுக்கு நீரிழிவு 18.3 விழுக்காடு என்பதும் இந்தியர்களிடம் அது அதிகம் என்பதும் உறுதி. அதை வைத்து 'ஆகவே நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆபத்தில் இருக்கிறார்கள்' என்று ஒரே தாவாகத் தாவியிருக்கிறீர்கள். அறிக்கை மாநிலம், இனம், நகரம், நாட்டுப்புறம் என்று பிரிக்கிறது, தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று தனிக் கட்டம் போடவில்லை. போதாக்குறைக்கு, தோட்டப் பள்ளி என்று பெயர் இருந்தாலும் பாதிப் பிள்ளைகள் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதி) வேனில் வருகிறார்கள். உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் இருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்த இடைவெளியை மறைக்காமல் எழுதினால் அதுவே உங்கள் ஆய்வுக்கு நியாயம் ஆகிவிடும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். பின்புல நூல்கள் சில சமயம் உங்கள் கேள்வியையே மாற்றிவிடும். உடலியக்கங்களின் சக்திச் செலவைப் பட்டியலிடும் தொகுப்பு ஒன்று இருக்கிறது, பார்பரா எய்ன்ஸ்வொர்த் குழுவினர் 1993-ல் தொடங்கியது, 2000, 2011, 2024 என்று புதுப்பித்து வருகிறார்கள். இணையத்தில் இலவசம். வீடு கூட்டுவதிலிருந்து மலையேறுவது வரை ஒவ்வொன்றும் ஓய்வாக இருப்பதைப்போல் எத்தனை மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது என்று 'மெட்' கணக்கில் போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு, ஓய்விலேயே அவர்கள் உடல் நம்மைவிடக் கூடுதலாக எரிப்பதால்.

அதை வைத்து ஒரு சிகரெட் அட்டைக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 30 நிமிடம், ஆறு வாரம், மொத்தம் மூன்று மணி நேரம். ஸ்கிப்பிங்குக்குத் தோராயமாக 8 மெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெட் என்றால் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 38 கிலோ பையனுக்கு 8 பெருக்கல் 38 பெருக்கல் 3, சுமார் 910 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியென்றால் ஆறு வாரத்தில் கரைவது நூற்றுச் சொச்சம் கிராம். கண்டீனில் இரண்டு மூன்று பொட்டலம் நாசி லெமாக் கூடுதலாகப் போனால் சரியாகிவிட்டது. பிள்ளைக்குச் சக்திச் செலவு கொஞ்சம் கூடும் என்றாலும், இரட்டிப்பானால்கூடக் கதை மாறாது. அந்த ஆறு வாரத்தில் பிள்ளை வளரவும் செய்வான், எடையும் ஏறும். பி.எம்.ஐ. குறைந்ததா கூடியதா என்பதை உங்கள் கயிறு தீர்மானிக்கப் போவதில்லை.

என் கணக்கை நம்ப வேண்டாம், மீளாய்வைப் பாருங்கள். பள்ளிகளில் நடத்தும் உடலியக்கத் திட்டங்கள் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஒரு பெரிய மீளாய்வு வைத்திருக்கிறது. 2021-ல் புதுப்பித்தபோது 89 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் இயங்கும் நேரத்தில் மாற்றம் மிகக் குறைவு அல்லது இல்லை, பி.எம்.ஐ.யில் மிகச் சிறிய மாற்றம், இதயச் சுவாசத் தகுதியில் முன்னேற்றம் இருக்கலாம் என்பதுதான் சாரம். ஆகவே பி.எம்.ஐ. குறைவது கடினம் என்பது ஓரளவு உறுதி. தகுதி கூடும் என்பதில் அந்த அளவு உறுதி இல்லை, ஆனால் நம்பிக்கையோடு சோதிக்கலாம். செகாக்கில் மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கி நாடித்துடிப்பை எண்ணுகிறோமே, அதை உங்கள் முக்கிய அளவாக வைத்து, பி.எம்.ஐ.யை வெறும் பின்னணித் தகவலாகத் தள்ளுங்கள். தலைப்பில் ஒரு சொல்தான் மாறும். விரிவுரையாளரிடம் இந்த மீளாய்வைக் காட்டினால் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, எங்கே தேடுவது? வீட்டிலிருந்தே காசில்லாமல் எட்டக்கூடியவை நிறைய. கல்விப் பக்கத்துக்கு அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் எரிக், மருத்துவப் பக்கத்துக்கு பப்மெட். இரண்டிலும் கூகலில் தட்டுவதுபோல் தட்டாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் பட்டியல் இருக்கிறது. பப்மெட்டில் அதன் பெயர் மெஷ். உங்கள் தலைப்பை அவர்கள் எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்று முதலில் அந்தப் பட்டியலில் பார்த்து, பிறகு அந்தச் சொல்லால் தேடுங்கள். உடற்கல்விக்கு அங்கே 'ஃபிசிக்கல் எஜுகேஷன் அண்ட் டிரெயினிங்' என்று முழுசாக ஒரு தலைப்பு உண்டு. நான்காயிரம் முடிவு வந்த இடத்தில் நாற்பது வரும், அந்த நாற்பதும் படிக்கக்கூடியதாக இருக்கும். தேடலை மீளாய்வுக் கட்டுரைகளுக்கு மட்டும் சுருக்கும் வசதியும் பக்கவாட்டில் இருக்கிறது. மலேசிய ஆய்விதழ்களுக்கு மைஜுர்னல். ஸ்போர்ட்டிஸ்கஸ் என்ற விளையாட்டுத் துறைத் தரவுத்தளம் இவை எல்லாவற்றையும்விட நம் துறைக்கு நெருக்கமானது, ஆனால் சந்தா கட்டிய நூலகம் வழியாகத்தான் நுழைய முடியும். உங்கள் பயிற்சிக் கழகத்தின் நூலகரிடம் நுழைவு இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால் பதில் வராது.

நேரில் போக முடியும் என்றால் ஈப்போவில் துன் ரசாக் நூலகம் அரை மணி நேரப் பயணம். பார்வை நூல் பகுதியில் பொது அகராதி, கலைக்களஞ்சியம் பார்க்கலாம், விளையாட்டு அறிவியலுக்கு ஆழம் போதாது. ஒரு நாள் ஒதுக்கி ரயிலில் தஞ்சோங் மாலிம் போவது லாபம். சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் புலமே இருக்கிறது, துவாங்கு பைனுன் நூலகத்தில் அந்த அலமாரிகள் கனமானவை. வெளியாள் நுழைய என்ன விதி என்று கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். போனால் கலைக்களஞ்சியப் பதிவின் உள்ளடக்கத்தை நகல் எடுப்பதோடு நிற்காமல் கடைசியில் உள்ள நூற்பட்டியலையும் எடுங்கள். அந்தப் பத்து வரியை ஒரு வல்லுநர் உங்களுக்காகப் பொறுக்கி வைத்திருக்கிறார். நான் என்றைக்கும் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பேன்.

விக்கிப்பீடியா பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். படிக்கலாம், அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகலாம், மேற்கோள் காட்ட வேண்டாம். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் ஆதாரம் கேட்டால், இல்லாத கட்டுரைக்குப் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்துவிடுகிறது. இரண்டு வரைவுகளில் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய டி.ஓ.ஐ. என்ற இணைய அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்து, கட்டுரை உண்மையில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுங்கள்.

பள்ளிக்குள்ளேயே இருக்கும் மூலங்களை யாரும் மதிப்பதில்லை. உடற்கல்வி, நலக்கல்விக்கான டி.எஸ்.கே.பி. என்ற பாடத்திட்ட ஆவணம், செகாக் கையேடு, ஆண்டு 4 முதல் வருடத்துக்கு இரண்டு முறை பதிந்து வரும் செகாக் அளவுகள். மூன்றாவது, உங்கள் பள்ளிக்கே உரிய முதல்நிலைத் தரவு. ஆனால் அதைப் பயன்படுத்துமுன் எடை பார்க்கும் தராசு எங்கே வைக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒரு பள்ளியில் தராசைக் கண்டீன் பக்கம் சரிந்த சிமெண்ட் தரையில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் காலணியோடு ஏறினார்கள். அதே பிள்ளையை அலுவலக அறையின் சமதரையில் வைத்து, காலணி கழற்றி அளந்தபோது ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். நான் மேலே சொன்ன பையனை மறுபடி நினைத்துப் பாருங்கள், ஒரு கிலோவில் அவன் பி.எம்.ஐ. அரைப் புள்ளி நகர்ந்துவிடும். பழைய பதிவுகளை 'இப்படிப்பட்ட நிலையில் எடுக்கப்பட்டவை' என்ற குறிப்போடு சேர்க்கலாம், உங்கள் சொந்த அளவுகளோடு கலக்காதீர்கள். பிள்ளைகளை மற்றவர்கள் முன் நிறுத்தி எடையைச் சத்தமாகப் படிப்பதும் வேண்டாம். பெற்றோரின் ஒப்புதலும், பள்ளியில் ஆய்வு செய்ய கல்வி அமைச்சின் எராஸ் முறை வழியான அனுமதியும் தேவையா என்று விரிவுரையாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் பாட்டி. அவர் சொன்னது பார்வை நூல் ஆகாது. நேர்காணல் தரவு ஆகும், அதற்குரிய மரியாதையோடு சேர்க்கலாம். தேதி, இடம், அவருடைய சம்மதம், பெயரை மறைக்க வேண்டுமா என்பது எல்லாம் வேண்டும். அவர் பேச்சு எதற்கு ஆதாரமாகும் என்பதையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். 'அந்தக் காலத்தில் யாருக்கும் இனிப்புநீர் (நீரிழிவு) கிடையாது' என்று அவர் சொன்னால், அது அவர் நினைவு. அப்போது சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அந்தக் காலத் தோட்டத்து நோய்களுக்கு எழுத்து மூலம் வேண்டும் என்றால், கிள்ளான் பக்கத் தோட்டங்களில் மலேரியாவை எதிர்த்து வேலை செய்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1911-ல் எழுதிய நூல் இருக்கிறது. துரைமார் காலத்துப் பார்வையில் எழுதியது என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பாட்டியிடம் நோயைக் கேட்பதைவிட வேலையைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு நிரைக்குப் போவார், ஒரு நாளைக்கு எத்தனை மரம், வாளியை எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடந்தார், வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீருக்கும் விறகுக்கும் எவ்வளவு நடை. நேரம் நேரமாகக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன சக்திச் செலவுப் பட்டியலில் நெருங்கிய வேலைகளைப் பார்த்து மெட் போட்டுப் பாருங்கள். துல்லியம் வராது, தோராயம் என்றே எழுதுங்கள். பிறகு அவருடைய ஒரு நாளையும், உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவனின் ஒரு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்தில் போடுங்கள். வரைவு தயாரானதும் இதே இடத்தில் ஒட்டுங்கள், பார்க்கிறேன்.